சிலேட்டுக் கம்ப்யூட்டரை வீட்டில் செய்ய முடியுமா?

பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். விரலால் தொட்டால் படம் நகருகிறது. பாட்டுப் பாடுகிறது. கடிதம் எழுதுகிறது. பாடம் சொல்லித் தருகிறது. இதற்கு "டேப்லட்" என்று பெயர்.

இதைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? வீட்டில் செய்ய முடியாதா?

முடியும்! செய்தும் காட்டி இருக்கிறார்கள்.

2013-ம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர் பிளைவுட் பலகையைக் குடைந்து ஒரு பெட்டி செய்தார். அதற்குள் 10 அங்குலத் திரையை வைத்தார். ஒரு பேட்டரியை வைத்தார். சீட்டுக்கட்டில் உள்ள ஒரு சீட்டு அளவே உள்ள கம்ப்யூட்டர் பலகை ஒன்றையும் வைத்தார். மூன்றையும் கம்பியால் இணைத்தார். டேப்லட் தயார்! செய்த விதத்தையும் அவர் படத்தோடு வெளியிட்டார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் பலர் செய்தார்கள். இன்றும் செய்து வருகிறார்கள்.

செலவு குறையும் என்றுதான் செய்கிறார்களா? இல்லை. கணக்குப் பார்த்தால் கடைச் சரக்கே மலிவு. அப்படி இருந்தும் ஏன் இந்தப் பாடு? அதைப் புரிந்து கொள்ள, முதலில் அந்தச் சின்னப் பலகையின் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜில் ஒரு கவலை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்று ஒரு ஊர் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பல்கலைக் கழகம் உள்ள ஊர். அங்கே கம்ப்யூட்டர் படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஈபன் அப்டன். அவருக்கும், அவருடன் இருந்தவர்களுக்கும் 2006-ம் ஆண்டு வாக்கில் ஒரு கவலை பிறந்தது.

படிக்க வரும் பிள்ளைகளின் தொகை குறைந்து கொண்டே போனது. வந்தவர்களுக்கும் விஷயம் குறைவாகவே தெரிந்திருந்தது. இத்தனைக்கும் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து விட்ட காலம் அது!

முன்பு அப்படி இல்லை. 1981-ம் ஆண்டின் கடைசியில் "பி.பி.சி. மைக்ரோ" என்ற கம்ப்யூட்டர் அந்த நாட்டில் விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகான் என்ற கம்பெனி அதைச் செய்தது. பி.பி.சி. தன் டெலிவிஷனில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியது. பள்ளிக்கூடங்களுக்கு இந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது. மொத்தம் 15 லட்சம் பெட்டிகள் விற்றன.

அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம். சுவிட்சைப் போட்டால் படமும் வராது, விளையாட்டும் வராது. "என்ன செய்ய வேண்டும்? சொல்" என்பது போல ஒரு கோடு மட்டும் நிற்கும். பிள்ளைதான் கட்டளை எழுத வேண்டும். எழுதினால்தான் அது அசையும். விளையாட வந்த பிள்ளை, வேறு வழி இல்லாமல், புரோகிராம் எழுதக் கற்றுக் கொண்டது!

பிறகு வந்த பெட்டிகளில் எல்லாம் தயாராக இருந்தன. தொட்டால் போதும். பிள்ளைகள் தொட்டார்கள். அதோடு சரி.

இங்கே இடையில் ஒன்றைச் சொல்லலாம். பி.பி.சி. மைக்ரோவை உருவாக்கிய ஏகான் கம்பெனியில் சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் என்ற இருவர் இருந்தார்கள். அடுத்த கம்ப்யூட்டருக்காக அவர்கள் புதிதாக ஒரு சில்லு வடிவமைத்தார்கள். 1985-ல் அது வேலை செய்தது. அதன் பெயர் "ஆர்ம்". இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள் ஓடுவது பெரும்பாலும் அந்த வம்சத்துச் சில்லுதான். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பெட்டி செய்த கம்பெனியில் இருந்து உலகமே பயன்படுத்தும் பொருள் பிறந்தது!

35 டாலர் பலகை

அப்டனும் நண்பர்களும் 2009-ல் ஓர் அறநிலையம் தொடங்கினார்கள். பிள்ளைகள் கெட்டுப் போய்விடுமோ என்று பயப்படாமல் நோண்டிப் பார்க்கக் கூடிய மலிவான கம்ப்யூட்டர் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு "ராஸ்பெரி பை" என்று பெயர் வைத்தார்கள். ராஸ்பெரி என்பது ஒரு பழம். கம்ப்யூட்டருக்குப் பழத்தின் பெயர் வைப்பது அந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

2012 பிப்ரவரி 29-ந் தேதி அதிகாலையில் விற்பனை தொடங்கியது. விலை 35 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,700 ரூபாய். இரண்டு கம்பெனிகள் விற்பனையை ஏற்றிருந்தன. வாங்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் இரண்டு கம்பெனிகளின் இணைய தளங்களும் படுத்து விட்டன!

பெட்டி கிடையாது. திரை கிடையாது. எழுத்துப் பலகை கிடையாது. சட்டை போடாத குழந்தை போல, வெறும் பச்சை நிறப் பலகை. எந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஓரத்தில் சின்னச் சின்ன ஊசிகள் நீட்டிக் கொண்டிருக்கும். அதில் கம்பியை மாட்டி ஒரு விளக்கை எரிய வைக்கலாம். மோட்டாரை ஓட்டலாம்.

முதலில் சீனாவில் செய்தார்கள். அந்த ஆண்டே வேல்ஸ் பகுதியில் உள்ள பென்கோயிட் என்ற ஊருக்குத் தயாரிப்பைக் கொண்டு வந்தார்கள். அங்கே உள்ள சோனி தொழிற்சாலையில் இது தயாராகிறது. 2024 ஜூன் மாதத்தில் இந்தக் கம்பெனியின் பங்குகள் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தன. அதற்குள் 6 கோடிக்கு மேல் பலகைகள் விற்றிருந்தன.

டெல்லியிலும் அதே விலை

இந்தக் கதைக்கு நம் நாட்டில் ஒரு ஜோடி உண்டு.

ராஸ்பெரி பை வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, 2011 அக்டோபர் 5-ந் தேதி, டெல்லியில் "ஆகாஷ்" என்ற டேப்லட்டை மத்திய மந்திரி கபில் சிபல் வெளியிட்டார். மாணவர்களுக்காக அரசாங்கம் கொண்டு வந்த டேப்லட் அது. 7 அங்குலத் திரை. சலுகை போக மாணவருக்கு 35 டாலர் என்றார்கள். அதே 35 டாலர்!

உலகமே ஆச்சரியப்பட்டது. ஆனால் கையில் வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். திரையை அழுத்தித் தொட வேண்டி இருந்தது. வேகம் போதவில்லை. பேட்டரி நிற்கவில்லை. 2012 நவம்பரில் திருத்திய ஆகாஷை ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். அதுவும் நிலைக்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். ஆகாஷ், திரையையும் பேட்டரியையும் சேர்த்து அந்த விலைக்குத் தர முயன்றது. ராஸ்பெரி பையோ வெறும் பலகை. மற்றதெல்லாம் வாங்குகிறவர் பொறுப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆகாஷ் மூடிய பெட்டி. பிடிக்காவிட்டால் மாணவர் மூலையில் போடலாம். வேறு எதுவும் செய்ய முடியாது. ராஸ்பெரி பையில் குறை இருந்தால், வாங்கியவரே திருத்திப் பார்த்தார். திருத்தியதை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார். மலிவு மட்டும் அதை வாழ வைக்கவில்லை என்பது என் கருத்து.

எப்படிச் செய்கிறார்கள்?

இப்போது டேப்லட்டுக்கு வருவோம்.

முதலில் பலகை. வீட்டில் செய்கிறவர்கள் பலர் வாங்குவது ராஸ்பெரி பை 4. இது 2019-ல் வந்தது. நீளம் எட்டரை சென்டி மீட்டர். அகலம் ஐந்தரை சென்டி மீட்டருக்குச் சற்று அதிகம். பிறகு 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5 இன்னும் வேகமானது. ஆனால் அதிக மின்சாரம் குடிக்கும்.

அடுத்தது தொடுதிரை. ராஸ்பெரி பை கம்பெனியே 2015-ல் 7 அங்குலத் தொடுதிரை ஒன்றைக் கொண்டு வந்தது. 2024 நவம்பரில் அதைவிடத் தெளிவான திரை வந்தது. இரண்டுக்கும் வந்தபோது விலை 60 டாலர். திரையில் இருந்து ரிப்பன் போன்ற ஒரு நாடா வரும். அதைப் பலகையில் உள்ள சந்தில் செருகிப் பூட்ட வேண்டும். மின்சாரத்துக்கு வேறு கம்பி. பலகையைத் திரையின் முதுகில் நான்கு திருகாணியால் முடுக்கி விடலாம். இதுவரை திருப்புளி ஒன்றே போதும்.

பிறகு மெமரி கார்டு. செல்போனில் போடுகிறோமே, அதே சின்ன கார்டுதான். இதில்தான் கம்ப்யூட்டரின் மூளைக்கு வேண்டிய புரோகிராம் எல்லாம் இருக்கும். லினக்ஸ் என்ற இலவச ஏற்பாடு இதில் ஓடுகிறது. காசு கொடுக்க வேண்டாம். தமிழ் எழுத்து தெரியும். தமிழில் அடிக்கவும் வசதி உண்டு. "தமிழ் 99" எழுத்து முறையும் கிடைக்கும்.

பெட்டியை மரத்திலோ, பிளாஸ்டிக்கிலோ செய்யலாம். தச்சு வேலை தெரிந்த வீட்டில் இதுதான் சுகமான வேலை. பிளைவுட்டை அறுத்து, குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கைக்கு இதமாக இருக்கும். காற்றுப் போகத் துளை வைக்க வேண்டும். பலகை சூடாகும். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தானே தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும்.

மின்சாரம்தான் தலைவலி

இதுவரை சொன்னது சுலபம். தலைவலி எல்லாம் பேட்டரியில் இருக்கிறது.

பலகைக்கு 5 வோல்ட் வேண்டும். செல்போனில் உள்ளது போன்ற லித்தியம் பேட்டரி தருவது 3.7 வோல்ட். ஆகவே நடுவில் ஒரு சின்னப் பலகை வைத்து வோல்ட்டை உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது கொஞ்சம் மின்சாரம் சூடாகி வீணாகும். கம்பி மெல்லியதாக இருந்தால் வோல்ட் இறங்கி விடும். இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் போல ஒரு குறி தோன்றும். "எனக்குச் சாப்பாடு போதவில்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லும் அடையாளம் அது.

எத்தனை மணி நேரம் ஓடும்? குடத்துத் தண்ணீர்க் கணக்குத்தான். 10,000 என்று போட்டு விற்கிற பேட்டரியில் சுமார் 37 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. ஒழுகுவது போக 31 கைக்கு வரும் என்று வைத்துக் கொள்வோம். பலகையும் திரையும் சேர்ந்து மணிக்கு 7 வாட்-மணி குடித்தால் நாலரை மணி நேரத்தில் குடம் காலி.

கடை டேப்லட் இதைவிட அதிக நேரம் ஓடுகிறது. பேட்டரி பெரிது என்பது மட்டும் காரணம் அல்ல. திரையை அணைத்தவுடன் அது தூங்கப் போய் விடும். தூக்கத்தில் மிகச் சொற்பமாகவே மின்சாரம் குடிக்கும். ராஸ்பெரி பைக்கு அந்தத் தூக்கம் தெரியாது. விழித்துக் கொண்டே இருக்கும்; இல்லாவிட்டால் முழுதாக அணைக்க வேண்டும். ராஸ்பெரி பை 4-ல் அணைக்கப் பொத்தானும் இல்லை, நேரம் காட்டக் கடிகாரமும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் நேரத்தை மறந்து விடும். மறுபடி இணையத்தைப் பிடித்த பிறகுதான் மணி தெரியும். அணைக்கச் சொல்லாமல் திடீர் என்று கம்பியைப் பிடுங்கினால் கார்டில் உள்ள எழுத்துக்கள் கெட்டுப் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. லித்தியம் பேட்டரி விளையாட்டுச் சாமான் அல்ல. ஆணி குத்தினால், நசுங்கினால், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கும். 2016-ல் சாம்சங் கம்பெனி "கேலக்சி நோட் 7" என்ற செல்போனை விற்ற இடத்தில் இருந்தே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். பேட்டரி தீப்பிடித்ததுதான் காரணம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி! பழைய லாப்டாப்பில் இருந்து பேட்டரியைப் பிரித்து எடுத்து வைப்பது வேண்டாம். பாதுகாப்புச் சுற்று உள்ள புதிய பேட்டரியே வேண்டும். பிள்ளை செய்தால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். "பவர் பேங்க்" என்று கடையில் விற்கிறதே, அதை வெளியே ஒட்டி வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாக இராது. ஆனால் வம்பு குறைவு.

காசுக் கணக்கு

2024-ம் ஆண்டு விலையைப் பார்ப்போம். 4 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 4, 55 டாலர். தொடுதிரை 60 டாலர். இரண்டுக்கே 115 டாலர். அதாவது சுமார் 9,600 ரூபாய். இறக்குமதிச் செலவு வேறு. பேட்டரி, வோல்ட் உயர்த்தும் பலகை, கார்டு, பெட்டி எல்லாம் தனி.

10,000 ரூபாய்க்குள் கடையில் முழு டேப்லட்டே கிடைத்தது. மெல்லியது. கனம் குறைந்தது. காமிராவும் உண்டு.

ஆகவே படம் பார்க்க, பாட்டுக் கேட்க டேப்லட் வேண்டும் என்பவர்கள் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். இதில் ஒளிவு மறைவு வேண்டாம்.

ஒட்டி மூடிய பெட்டி

ஆனால் கடை டேப்லட் இரண்டு மூன்று வருஷத்தில் என்ன ஆகிறது?

பேட்டரி உப்புகிறது. அல்லது திரை விரிசல் விடுகிறது. கடைக்கு எடுத்துப் போகிறோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "சார், இதை ரிப்பேர் பண்ணுகிற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. பல டேப்லட்டுகளில் திருகாணியே கிடையாது. பசை போட்டு ஒட்டி இருக்கிறார்கள். சூடு காட்டிப் பசையை இளக்கித் திரையைப் பெயர்க்க வேண்டும். பெயர்க்கும்போது கண்ணாடி உடையலாம். உடைந்தால் யார் பொறுப்பு?

பேட்டரி நன்றாக இருந்தாலும் வேறு ஒரு தொல்லை. கம்பெனி புதிய புரோகிராம் அனுப்புவதை நிறுத்தி விடும். பழைய டேப்லட்டில் பல வசதிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும். சாமான் கெடவில்லை, ஆனால் காலாவதி!

வீட்டில் செய்த டேப்லட்டில் பேட்டரி போனால் பேட்டரியை மாற்றலாம். திரை உடைந்தால் திரையை மாற்றலாம். புதிய பலகை வந்தால், திரையை வைத்துக் கொண்டு பலகையை மட்டும் மாற்றலாம். டேப்லட்டே வேண்டாம் என்றால் பலகையைக் கழற்றி டெலிவிஷனில் மாட்டலாம். காசு கொடுத்து வாங்கிய பொருள் உண்மையிலேயே நம் சொந்தமாக இருக்கிறது. கூடுதல் செலவும் சிரமமும் இதற்காகத்தான்.

அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டியை வீட்டிலேயே கட்டியவர்கள் இருந்தார்கள். கடைப் பெட்டி அளவுக்கு அது பாடாது. ஆனால் அதைக் கட்டிய பையனுக்கு ஊரில் உள்ள எல்லா வானொலிப் பெட்டியையும் பழுது பார்க்கத் தெரிந்தது. அதைக் கொண்டே கடை வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு.

ஐரோப்பா போட்ட சட்டம்

ஒட்டி மூடிய பெட்டிகளைப் பற்றி அரசாங்கங்களும் யோசிக்கத் தொடங்கி விட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் செல்போனுக்கும் டேப்லட்டுக்கும் ஒரு விதி கொண்டு வந்தது. 2025 ஜூன் 20-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான உதிரி பாகங்கள் 7 ஆண்டு வரை கிடைக்க வேண்டும். பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். பழுது பார்க்கச் சுலபமா, கடினமா என்று சீட்டில் அச்சிட வேண்டும். வாங்குகிறவர் விலையோடு அதையும் பார்க்கலாம்.

பேட்டரிக்குத் தனிச் சட்டம் உண்டு. சாமானில் உள்ள சிறிய பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. இதற்கு அவர்கள் குறித்த தேதி 2027 பிப்ரவரி 18. சில விலக்குகளும் வைத்திருக்கிறார்கள்.

நம் மத்திய அரசாங்கம் 2022 டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" என்ற பெயரில் ஓர் இணைய தளம் தொடங்கியது. பழுது பார்க்கும் விவரங்களைக் கம்பெனிகள் அதில் தர வேண்டும் என்பது நோக்கம். ஐரோப்பாவைப் போல உதிரி பாகத்துக்கு இத்தனை ஆண்டு என்ற கெடு அதில் இல்லை. ஐரோப்பாவுக்காகத் திருகாணி வைத்துச் செய்கிற கம்பெனி, மற்ற நாடுகளுக்கும் அதையே அனுப்புமா, அல்லது பசை போட்டதைத் தனியாக அனுப்புமா? இதைக் கவனிக்க வேண்டும்.

மெமரி விலை ஏறுகிறது

வீட்டில் செய்கிறவர்களுக்கு இப்போது புதிய சிரமம் ஒன்று வந்திருக்கிறது. செயற்கை அறிவுக்காக உலகம் எங்கும் பெரிய பெரிய கம்ப்யூட்டர்க் கூடங்கள் கட்டுகிறார்கள். அவை மெமரிச் சில்லுகளை வண்டி வண்டியாக விழுங்குகின்றன. உலகில் இந்தச் சில்லில் பெரும் பகுதியைச் செய்வது மூன்று கம்பெனிகள்: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். பெரிய வாடிக்கையாளர் வந்தால் சின்ன வாடிக்கையாளர் கதி என்ன? பொது மக்களுக்கு மெமரி விற்று வந்த தன் பிரிவை மூடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

அதே மாதத்தில் ராஸ்பெரி பையும் விலையை ஏற்றியது. 16 ஜிபி மெமரி உள்ள ராஸ்பெரி பை 5, 120 டாலரில் இருந்து 145 டாலர் ஆனது. கூடவே 1 ஜிபி மட்டும் உள்ள புதிய பலகையை 45 டாலருக்குக் கொண்டு வந்தார்கள். விலை குறைந்த பலகையைக் கைவிட மாட்டோம் என்று காட்டுவதற்காக அது.

பள்ளிக்கூடப் பிள்ளை எழுத, புரோகிராம் பழக, விளக்கை எரிய வைத்துப் பார்க்க 1 ஜிபி, 2 ஜிபி போதும். தொடுதிரையையும் பேட்டரியையும் முதல் நாளே வாங்க வேண்டியது இல்லை. பலகை, அதற்கு ஏற்ற சார்ஜர், கார்டு, டெலிவிஷனில் மாட்டும் வயர், எழுத்துப் பலகை ஆகியவை முதலில் போதும். அந்த வயரின் ஒரு முனை மட்டும் சிறியதாக இருக்க வேண்டும். ராஸ்பெரி பை 4, 5 இரண்டிலும் ஓட்டை சின்னது. சாதாரண டெலிவிஷன் வயர் அதில் நுழையாது. கடையில் கேட்டு வாங்க வேண்டும்.